டீசல் லொறியின் எக்சிலேட்டர் சென்சர்: கராஜுக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கொழும்பில், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் பக்கத்தில் வாகன வயரிங் வேலை செய்கிறேன். "அண்ணே, டிபிஎஸ் போயிட்டுதாம், புதுசு போடச் சொல்றாங்க" என்று கையில் ஒரு புதுப் பெட்டியோடு வருகிறவர்கள் வாரம் தவறுவதில்லை. டிபிஎஸ் என்பது த்ரொட்டில் பொசிஷன் சென்சர், இந்த எக்சிலேட்டர் சென்சரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெட்டியைப் பிரிக்க வேண்டாம், முதலில் மீட்டரை வைத்துப் பார்ப்போம் என்பேன். பிரிக்காத பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுப்பார். பிரித்ததை எடுக்க மாட்டார். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டீசல் என்ஜினுக்கு த்ரொட்டிலே கிடையாதே, பிறகு எதற்கு த்ரொட்டில் சென்சர்?

நியாயமான கேள்வி. பெட்ரோல் என்ஜினில் பெடலை மிதித்தால் ஒரு தகடு திறந்து காற்று கூடுதலாகப் போகிறது. டீசலில் காற்று தன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். பெடல் கூட்டிக் குறைப்பது டீசலைத்தான். அதனால் டீசலில் இந்தச் சென்சரின் வேலை காற்றை அளப்பதல்ல. டிரைவர் எவ்வளவு கேட்கிறார் என்பதை மின்சாரமாக மாற்றிச் சொல்கிறது, அவ்வளவுதான். பெயர் மட்டும் பெட்ரோல் வாகனத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் டீசல் பலவற்றில் காற்றுப் பாதையிலும் ஒரு தகடு இருக்கிறது என்பது உண்மை. அது ஈஜிஆர் (வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி என்ஜினுக்குள் விடும் அமைப்பு) வேலைக்கும், சாவியை நிறுத்தும்போது என்ஜின் குலுங்காமல் அணைவதற்கும். அதற்கென்று தனியாக ஒரு சென்சர் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பி, கரி பிடித்த தகட்டைக் கழுவிவிட்டு "டிபிஎஸ் கிளீன் பண்ணியாச்சு" என்று காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் வாகனத்தில் எந்த வகை இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெடலுக்குப் பின்னால் பாருங்கள். கேபிள் போகிறதா, வயர் போகிறதா?

கேபிள் போனால் அது எங்கே முடிகிறது என்று பொனட்டையோ கெபினையோ தூக்கிப் பாருங்கள். டீசல் பம்பின் லீவரில் முடிந்தால் பழைய மெக்கானிக்கல் பம்ப். லீவரின் அச்சிலோ பக்கத்திலோ மூன்று வயரோடு கறுப்பாக ஒரு சின்னச் சென்சர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த வகையில் டீசலைக் கூட்டுவது கேபிள்தான். சென்சர் ஈஜிஆர், ஒட்டோ கியர் போன்ற பக்க வேலைகளுக்குத் தகவல் சொல்லும். ஆகவே கையால் கியர் போடும் பழைய லொறியில் இந்தச் சென்சர் செத்தாலும் இழுவை பெரிதாகக் குறையாது. "இழுக்கவில்லை, டிபிஎஸ்தான்" என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

கேபிள் காற்றுப் பாதையில் உள்ள தகட்டில் முடிந்தால் நடுவகை. டொயோட்டாவின் 1கேஇசட்-டிஇ மாதிரி, பம்பே மின்சாரத்தால் ஆளப்படும் என்ஜின்கள். இங்கே சென்சர் சொல்வதைக் கேட்டுத்தான் ஈசியூ, அதாவது என்ஜினை ஆளும் கம்ப்யூட்டர், டீசலை அளக்கும். சென்சர் பிழைவிட்டால் வண்டியும் பிழைவிடும்.

கேபிளே இல்லாமல் பெடலிலிருந்து வயர் மட்டும் போனால் பெடல் சென்சர். காமன் ரெயில் லொறி, டபுள் கெப் எல்லாம் பெரும்பாலும் இதுதான்.

சென்சர் கெட்டால் என்னென்ன தெரியும்?

பெடல் சென்சர் என்றால் மிதித்தாலும் என்ஜின் ஐடிலிலேயே (பெடலைத் தொடாதபோது ஓடும் சுற்றிலேயே) நிற்கும், அல்லது 1000, 1200 சுற்றில் பிடித்து வைத்ததுபோல் இருக்கும். செக் என்ஜின் லைட் எரியும். சில நேரம் பெடலின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வண்டி ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போகும். எந்நேரமும் ஒரே வேகத்தில் ஓடும் வாகனங்களில் இந்த வெட்டு பெடலின் அதே இடத்தில் வரும். சென்சரின் உள்ளே தொடுமுனை உரசிப் போகும் கரிப் பாதை அங்கேதான் அதிகம் தேய்ந்திருக்கும்.

கேபிள் வகையில் கறுப்புப் புகை, ஒட்டோ கியர் தாறுமாறாக மாறுவது, ஐடில் ஏறி இறங்குவது.

ஸ்கேனரில் பி0122 வந்தது. சென்சரை மாற்றலாமா?

மாற்றாதீர்கள். அந்த இலக்கம் "சென்சர் கெட்டது" என்று சொல்லவில்லை. "எனக்கு வரும் வோல்ட் மிகக் குறைவு" என்று ஈசியூ முறையிடுகிறது. பி0123 என்றால் மிக அதிகம். பி0121 என்றால் வரும் கணக்கு மற்றச் சென்சர்கள் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. பி0124 என்றால் விட்டு விட்டு வருகிறது. காமன் ரெயிலில் பெடலின் முதல் சிக்னலுக்கு பி2122, பி2123. இரண்டாவதுக்கு பி2127, பி2128. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பி2138.

வோல்ட் குறைய எத்தனையோ வழி இருக்கிறது. 5 வோல்ட் வராமல் இருக்கலாம், சிக்னல் வயர் அறுந்திருக்கலாம், உரசி வாகனத்தின் உலோகப் பொடியை (உடலை) தொட்டுக்கொண்டிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். புறக்கோட்டைக் களஞ்சியங்களுக்குப் பக்கத்தில் இரவில் நிற்கும் லொறிகளுக்கு எலி பெரிய எதிரி. அதேபோல் வோல்ட் கூடினால் முதலில் பார்க்க வேண்டியது சென்சரின் எர்த் வயர். எர்த் அறுந்தால் சிக்னல் மேலே ஏறி 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

என்ன கருவி வேண்டும்?

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு குண்டூசி, ஒரு டோர்ச். விலை கூடிய ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் முக்கால்வாசி வேலை முடியும். பழைய முள் மீட்டர் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஊசியை வயரில் குத்தி அளக்கலாமா?

வயரின் தோலில் குத்தவே வேண்டாம். கொழும்பின் உப்புக் காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்ச் செம்பைப் பச்சையாக்கிவிடும். சில மாதம் கழித்து நீங்கள் அளந்த இடத்திலேயே புதுப் பிரச்சினை பிறக்கும். பிளக்கைக் கழற்றாமல், பிளக்கின் பின்பக்கம் வயர் நுழையும் ரப்பரின் ஓரமாகக் குண்டூசியை மெதுவாகச் செருகுங்கள். உள்ளே உலோகத்தில் தட்டும்போது கைக்குத் தெரியும். மீட்டரை அந்த ஊசியில் வையுங்கள். இரண்டு ஊசியும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

சரி, அளப்பது எப்படி?

என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஒன் செய்யுங்கள். மீட்டர் டிசி 20 வோல்ட்டில் இருக்கட்டும். மூன்று வயர் சென்சரில் ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். எது எது என்று வயரின் நிறத்தை நம்பாதீர்கள். ரீகண்டிஷன் வாகனத்தில் முன்பு யார் என்ன நிறத்தில் ஒட்டுப் போட்டார்களோ தெரியாது.

கறுப்பு முனையை பெட்டரியின் நெகட்டிவில் வைத்து மூன்றையும் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வரும். ஒன்றில் ஏறக்குறைய பூச்சியம். மற்றது பெடலை மிதிக்க மிதிக்க ஏறும், அதுதான் சிக்னல். பூச்சியம் என்று சொன்ன எர்த்தையும் உற்றுப் பாருங்கள். 0.02, 0.03 வந்தால் பரவாயில்லை. 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில் எங்கோ கெட்ட ஒட்டு இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் சென்சரைத் தொட்டால் நாள் முழுக்க அலைவீர்கள்.

அப்புறம் கறுப்பு முனையைச் சென்சரின் எர்த் வயருக்கே மாற்றி, சிக்னலைப் படியுங்கள். பெடலைத் தொடாமல் ஒரு எண், முழுக்க மிதித்து ஒரு எண். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வையுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பீர்கள். நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் போயிற்று.

24 வோல்ட் லொறியில் சென்சருக்கும் 24 வோல்ட் போகுமா?

இல்லை. பெட்டரி இரண்டாக இருந்தாலும் சென்சருக்கு ஈசியூ கொடுப்பது வழக்கமாக 5 வோல்ட்தான். "லைன் வரவில்லை, வேறு இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன்" என்று பெட்டரி மின்சாரத்தைச் சென்சருக்குக் கொடுத்தவர் ஒருவர் வந்தார். சென்சர் மட்டும் போயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஈசியூவும் சேர்ந்து போயிருந்தது.

எனக்கு ஐடிலில் 0.9 வருகிறது. யாரோ 0.5 தான் சரி என்றார்கள். பிழையா?

பிழை என்று சொல்ல முடியாது. பொதுவாக ஐடிலில் 0.5 முதல் 1 வோல்ட் வரை, முழுக்க மிதித்தால் 3.5 முதல் 4.5 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஆள் உயரம் மாதிரி பொதுக் கணக்கு. உங்கள் என்ஜினின் சரியான எண் அதன் சேர்விஸ் மெனுவலில் இருக்கும். வேறொரு என்ஜினின் எண்ணை இதற்கு வைக்காதீர்கள்.

இன்னொன்று. மெனுவல் சொல்லும் எண் சரியாக 5.00 வோல்ட் கொடுக்கும்போது வருவது. உங்களுக்கு வருவது 4.85 என்றால் எண்ணும் அந்த அளவுக்கு இறங்க வேண்டும். மெனுவலில் 0.60 என்றால், 0.60 ஐ 4.85 ஆல் பெருக்கி 5 ஆல் வகுங்கள்: 0.58. நீங்கள் பிடிக்க வேண்டியது 0.58. இது தெரியாமல் 0.60 வரவேண்டும் என்று ஒரு பையன் அரை மணி நேரம் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு முனையிலும் எண் சரி, ஆனால் ஓடும்போது வெட்டுகிறது. என்ன செய்யலாம்?

முள் மீட்டருக்கு இப்போதுதான் வேலை. பெடலை மிக மெதுவாக, பத்து வரை எண்ணிக்கொண்டு கீழே அழுத்தச் சொல்லுங்கள். முள் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். இடையில் ஒரு துடிப்புத் துடித்துக் கீழே விழுந்து மறுபடி ஏறினால் அந்த இடத்தில் கரிப் பாதை தேய்ந்திருக்கிறது. டிஜிட்டல் மீட்டர் செக்கனுக்குச் சில தடவைதான் பார்க்கும். அந்தத் துடிப்பு இரண்டு பார்வைக்கு நடுவில் தப்பிவிடும். முள் மீட்டர் இல்லாவிட்டால் மின்-மெக்ஸ் (மிகக் குறைந்த, மிகக் கூடிய எண்ணைப் பிடித்து வைக்கும்) பொத்தான் உள்ள டிஜிட்டல் மீட்டரில் கீழ் எண்ணைப் பிடிக்கலாம்.

0.58, 1.2, 1.7, 2.1, திடீரென்று 0.3, மறுபடி 2.4. இப்படி வந்தால் வாதாட ஒன்றுமில்லை. சென்சரை மாற்றுங்கள். அதே நேரம், மெதுவாக மிதிக்கும்போது ஒழுங்காக ஏறி, வயரை ஆட்டும்போது மட்டும் விழுந்தால் குற்றவாளி வயர். ஆகவே வயரை ஆட்டியும் ஒருமுறை, ஆட்டாமலும் ஒருமுறை பாருங்கள்.

ஓம் அளவிலும் பார்க்கலாம். சாவியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, 5 வோல்ட் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே அளந்தால் சில கிலோ ஓம் வரும். பெடலை என்ன செய்தாலும் அது மாறக் கூடாது. சிக்னல் முனைக்கு வைத்தால் சீராக மாறும். ஆனால் காமன் ரெயில் பெடல்களில் பலது உள்ளே உரசும் பாதையே இல்லாமல் காந்தத்தால் உணரும் ஹோல் (Hall) வகை. அதை ஓமில் அளந்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. வோல்ட்டில் மட்டும் பாருங்கள்.

5 வோல்ட்டே வரவில்லை. ஈசியூ போய்விட்டதா?

அதற்குள் அங்கே போகாதீர்கள். அந்த 5 வோல்ட்டை ஒரே லைனில் வேறு சென்சர்களும் பங்குபோட்டுக் குடிக்கின்றன: டர்போ அழுத்தச் சென்சர், ரெயில் அழுத்தச் சென்சர் என்று. அவற்றில் ஒன்று உள்ளே ஷோர்ட் ஆனால் எல்லோருக்கும் தண்ணீர் நின்றுவிடும். மீட்டரை 5 வோல்ட் வயரிலேயே வைத்துக்கொண்டு மற்றச் சென்சர்களின் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் துள்ளி வருகிறதோ அதுதான் ஆள். எதைக் கழற்றியும் வராவிட்டால் வயரைப் பின்தொடருங்கள். ஈசியூவைச் சந்தேகிப்பது கடைசி.

கேபிள் வகைச் சென்சரை நானே செட் பண்ணலாமா?

பண்ணலாம். சென்சரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவின் ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீளமாக இருந்தால் அது செட் பண்ணக்கூடியது. வட்டமாக இருந்தால் அந்தச் சென்சர் அப்படியே உட்காரத்தான். ஓட்டையை அரத்தால் பெருப்பிக்க வேண்டாம்.

முதலில் என்ஜின் நன்றாகச் சூடாகட்டும். சும்மா சொல்லவில்லை. பழைய டீசல் பம்ப் பலவற்றில் குளிர் நேரத்தில் ஐடிலை உயர்த்த மெழுகு உள்ள ஒரு சின்னக் கருவி லீவரைத் தள்ளிப் பிடித்திருக்கும். சூடானால்தான் விடும். காலையில் குளிர்ந்த என்ஜினில் செட் பண்ணிவிட்டு, மத்தியானம் பிழையாகிவிட்டது என்று வருவது இதனால்தான். ஏசியும் லீவரைத் தள்ளும். ஏசியை நிறுத்துங்கள்.

அடுத்து ஐடில் சுற்று மெனுவல் சொல்லும் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் கொஞ்சம் தளர்வாக, லீவர் தன் நிறுத்து ஸ்க்ரூவில் முழுக்கச் சாய்ந்திருக்க வேண்டும். கேபிள் இறுகி லீவர் ஒரு மயிரிழை தூக்கி நின்றாலும் நீங்கள் பிடிக்கும் எண் பொய். இந்த வரிசை முக்கியம்: ஐடில், கேபிள், பிறகுதான் சென்சர். தலைகீழாகச் செய்தால் சென்சரைச் செட் பண்ணிய பிறகு ஐடிலைத் தொட வேண்டிவரும், மறுபடி முதலிலிருந்து.

இப்போது என்ஜினை நிறுத்திச் சாவியை ஒன் செய்து, 5 வோல்ட்டையும் ஐடில் சிக்னலையும் எழுதுங்கள். சென்சர் இப்போது நிற்கும் இடத்தில், சென்சருக்கும் அது பூட்டியிருக்கும் உலோகத்துக்கும் குறுக்கே டிப்பெக்ஸால் ஒரு கோடு போடுங்கள். எதுவும் சரிவராவிட்டால் திரும்பிப் போக வழி வேண்டுமே.

ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம், அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். ஜப்பான் வாகனங்களின் நட்சத்திர ஸ்க்ரூ நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது, தலை மழுங்கிவிடும். ஜப்பான் அளவு டிரைவர் ஒன்று வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் டிரைவரை நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். இருபது வருடம் சூடு கண்ட ஸ்க்ரூவுக்கு முதல் நாள் இரவே கொஞ்சம் ஊடுருவு ஒயில் விட்டு வைப்பது நல்லது, சென்சரின் உள்ளே போகாமல்.

மீட்டரைப் பார்த்துக்கொண்டே சென்சரைத் திருப்புங்கள். நகம் அளவு திருப்பினால் எண் நன்றாகவே ஓடும். நீங்கள் கணக்குப்போட்ட எண் வந்ததும் இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கினால் சென்சர் சாய்ந்து எண் ஓடிவிடும். இறுக்கி முடித்ததும் மறுபடி படியுங்கள். பிறகு ஒருவர் பெடலை ஏழெட்டுத் தடவை மிதித்து விடட்டும். ஒவ்வொரு தடவையும் எண் அதே இடத்துக்கு, 0.02க்குள், திரும்ப வேண்டும். வராவிட்டால் ஸ்பிரிங் களைத்திருக்கிறது, அல்லது கேபிள் சிக்குகிறது.

கடைசியாக முழு மிதி. லீவரைக் கையால் இழுத்துப் பார்க்காதீர்கள், பெடலை மிதித்துப் பாருங்கள். டிரைவர் ஓட்டுவது பெடலால்தானே.

பெடலை மிதித்தால் 3.1க்கு மேல் போகவில்லை. சென்சர் பலவீனமா?

காலடியில் என்ன விரித்திருக்கிறீர்கள்? ஒரு டபுள் கெப் இதே முறைப்பாட்டோடு வந்தது. கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் முன்புபோல் ஏறவில்லையாம். புது டீசல் பில்டர் போட்டாயிற்று, டர்போ ஹோஸ் பார்த்தாயிற்று. மிதித்தால் 3.1. தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று பெடலின் கீழே மடிந்து கிடந்தது. இழுத்துப் போட்டேன். 4.0. சொந்தக்காரர் விரிப்பையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது மகள் வாங்கித் தந்தது" என்றார்.

ஐடில் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறதாமே?

சில சென்சரில் நான்காவது வயர் இருக்கும். பெடலை முழுக்க விட்டிருக்கிறாரா இல்லையா என்று மட்டும் சொல்லும் சுவிட்ச் அது. பிளக்கைக் கழற்றி ஓமில் வைத்தால் பெடல் மேலே இருக்கும்போது தொடுகை இருக்கும், சற்றே மிதித்ததும் அறுந்துவிடும். எவ்வளவு மிதித்தால் அறுக வேண்டும் என்பதை மெனுவல் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளவில் சொல்லும்: நிறுத்து ஸ்க்ரூவுக்கும் லீவருக்கும் இடையே இந்தத் தடிப்பைச் செருகினால் தொடுகை இருக்க வேண்டும், அதைவிடத் தடித்ததைச் செருகினால் இருக்கக் கூடாது என்று. அப்படிக் கொடுத்திருந்தால் வோல்ட்டைவிட அதற்கே முதலிடம்.

பெடல் சென்சரை எப்படிச் செட் பண்ணுவது?

பண்ண முடியாது, பண்ணவும் தேவையில்லை. பெடலும் சென்சரும் சேர்ந்து ஒரே துண்டாக, தொழிற்சாலையிலேயே அளந்து வருகிறது. சில ஈசியூ சாவியை ஒன் செய்யும்போது பெடல் நிற்கும் இடத்தைத் தானே படித்துக்கொள்ளும். ஆகவே சாவியைப் போடும்போது காலைப் பெடலில் வைக்காதீர்கள். சிலதுக்கு ஸ்கேனரால் படிப்பிக்க வேண்டும்.

பெட்டரியை ஒரு இரவு கழற்றி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

செக் என்ஜின் லைட் சிலவேளை அணையும். தேய்ந்த கரிப் பாதை இரவில் வளராது.

பி2138 என்றால் சரியாக என்ன?

பெடலுக்குள் இரண்டு சென்சர் ஒன்றாக வேலை செய்கின்றன. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்க. வண்டி தானாகச் சீறிப் பாயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஆறு வயர் இருக்கும்: இரண்டு 5 வோல்ட், இரண்டு எர்த், இரண்டு சிக்னல். ஒரு வகையில் இரண்டாவது சிக்னல் எப்போதும் முதலாவதின் பாதி, 0.75 என்றால் 0.37, 1.5 என்றால் 0.75, 3.9 என்றால் 1.95. இன்னொரு வகையில் இரண்டுக்கும் நடுவே ஒரே இடைவெளி, 0.8 என்றால் 1.6, 1.8 என்றால் 2.6. உங்களுடையது எந்த வகை என்பது நான்கைந்து இடத்தில் அளந்தால் தெரிந்துவிடும். ஒரு இடத்தில் மட்டும் கணக்குத் தவறினால் பெடலை மாற்ற வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தவறினால் அந்தப் பக்கத்து எர்த்தைப் பாருங்கள்.

ஒட்டோ கியர் அடித்துக்கொண்டு மாறுகிறது. இதற்கும் சென்சருக்கும் தொடர்பா?

இருக்கலாம். மின்சார ஒட்டோ கியர் எந்த வேகத்தில் மாறலாம் என்பதைச் சென்சரைக் கேட்டுத்தான் தீர்மானிக்கும். எண் கூடியிருந்தால் டிரைவர் நன்றாக மிதிக்கிறார் என்று நினைத்து, சுற்றை ஏறவிட்டு, பிந்தி அடித்து மாற்றும். குறைந்திருந்தால் அவசரப்பட்டு மேல் கியருக்குப் போகும். முந்திப் போகக் கீழே மிதித்தாலும் கியர் இறங்காது. கியர் பெட்டியை இறக்கச் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

மழை பெய்தால் மட்டும் வருகிறது, வெயிலில் இல்லை.

இதற்கு ஒரு மரக்கறி லொறியைச் சொல்ல வேண்டும். நுவரெலியாவிலிருந்து ஹட்டன், அவிசாவளை வழியாக இரவில் பேலியகொடைச் சந்தைக்கு வரும் லொறி. மழை என்றால் நடுவழியில் பெடல் செத்துவிடும். சாவியை நிறுத்திப் போட்டால் கொஞ்ச தூரம் ஓடும். வேறு இடங்களில் இரண்டு பெடல் மாற்றியிருந்தார்கள்.

என்னிடம் வந்த நாள் நல்ல வெயில். எல்லா எண்ணும் சரி. வேறு வழியில்லாமல் ஹோஸைப் பிடித்துக் கண்ணாடிக்குக் கீழே மெதுவாகத் தண்ணீர் விட்டோம், அடித்து அல்ல, மழைபோல. பத்து நிமிடத்தில் 5 வோல்ட் 3.8க்கு இறங்கியது. வயர்க்கட்டு கெபினுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் நழுவியிருந்தது. தண்ணீர் வயரின் மேலேயே வழிந்து வந்து ஈசியூ பக்கத்துப் பிளக்கில் சொட்டியது. பிளக்கைக் கழற்றினால் ஒரு பின் முழுக்கப் பச்சை. அந்தப் பின்னை மாற்றி, வளையத்தைச் சரியாக உட்கார வைத்து, பிளக்குக்கு முன்னால் வயர் கீழே ஒரு வளைவாகத் தொங்கும்படி கட்டினேன். இனித் தண்ணீர் வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது.

என்ஜினைப் பிரஷர் வோஷ் பண்ணுகிறவர்களுக்கும் இதே கதைதான். பிளக்கை நேரே பார்த்துத் தண்ணீர் அடிக்காதீர்கள்.

சென்சர் சரி, வயர் சரி. ஆனாலும் இழுவை இல்லை.

அப்படியானால் அது வேறு நோய். டீசல் பில்டர், டீசல் லைனில் காற்று, டர்போ ஹோஸில் வெடிப்பு, காமன் ரெயிலில் பம்புக்குள் போகும் டீசலைக் கூட்டிக் குறைக்கும் சக்‌ஷன் கொன்ட்ரோல் வால்வ், வழுக்கும் கிளச். பலரும் மறப்பது பிரேக் லைட் சுவிட்ச். பல புது வாகனங்களில் பிரேக்கும் எக்சிலேட்டரும் சேர்ந்து மிதிபட்டால் ஈசியூ எக்சிலேட்டரை மதிக்காது. சுவிட்ச் சிக்கி நின்றால் உங்கள் கால் பிரேக்கில் இல்லாவிட்டாலும் அது இருப்பதாகவே நினைக்கும். பின்னால் ஒருவரை நிறுத்தி, பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கிறதா என்று கேளுங்கள். செலவில்லாத பரிசோதனை.

பஞ்சிகாவத்தையில் பழையது வாங்கிப் போடலாமா?

போடலாம், நானும் போட்டிருக்கிறேன். மீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். பிளக் பொருந்துவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே பிளக், உள்ளே எதிர்ப்பக்கம் சுற்றும் சென்சர்கள் உண்டு. உடம்பில் அச்சடித்த இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பழையதைக் கழற்றிக் கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேபிள் வகை என்றால் காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஓமில் வைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

கொன்டக்ட் கிளீனர் அடித்தால் போதாதா?

பிளக்கின் பின்களுக்கு அடியுங்கள், நல்லது. சென்சரின் உள்ளே அடித்தால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும்.

சிக்னல் வயரில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் பிக்அப் கூடுமாம்.

கூடாது. நீங்கள் குறைவாக மிதிக்கும்போதே கூடுதலாக மிதித்ததாக ஈசியூவை ஏமாற்றலாம். கீழே மிதித்தால் கிடைப்பது அதே பலம்தான். ஐடிலில் கால் எடுத்த பிறகும் மிதித்திருப்பதாக ஈசியூ நினைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள், அதுவும் ஆமர் வீதி நெரிசலில்.

புகைப் பரிசோதனையில் இதனால் விழ முடியுமா?

முடியும். டீசலுக்கு அங்கே பெடலை ஒரேயடியாகக் கீழே மிதித்துப் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள். சென்சர் குறைவாகச் சொல்லி, மூடியிருக்க வேண்டிய நேரத்தில் ஈஜிஆர் திறந்து நின்றால் கறுப்பாகத் தள்ளும். ஆனால் எயார் பில்டரையும் இன்ஜெக்டரையும் பார்க்காமல் இதில் தொடங்க வேண்டாம். புகைக்கு அவைதான் வழக்கமான காரணம்.

லொறி பொடியில் வெல்டிங் செய்தபின் இந்தக் கோளாறு வந்தது.

பெட்டரியைக் கழற்றாமல் செய்திருப்பார்கள். வெல்டிங் மின்சாரம் போக வழி தேடி ஈசியூ வழியாகவும் போயிருக்கலாம். முதலில் 5 வோல்ட்டையும் எர்த்தையும் அளந்து பாருங்கள். அடுத்த முறை இரண்டு பெட்டரி வயரையும் கழற்றி, முடிந்தால் ஈசியூ பிளக்கையும் இழுத்துவிட்டு, வெல்டிங்கின் எர்த்தை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள்.

இரவில் நடுவழியில் பெடல் செத்துவிட்டால்?

பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, ஹசார்ட் லைட்டைப் போடுங்கள். சாவியை நிறுத்தி ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். கால் பெடலில் இருக்கக் கூடாது. விரிப்பை இழுத்துப் போடுங்கள். பெடலின் பிளக்கைக் கழற்றி, ஈரமிருந்தால் துடைத்து, "டிக்" என்று கேட்கும்வரை அழுத்திப் பூட்டுங்கள். இவ்வளவில் உயிர் வந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வரலாம், சுமை இறக்கிய பிறகு பார்க்கலாம். வராவிட்டால், 1000 சுற்றில் முதலாம் கியரில் ஊர்ந்து பக்கத்துப் பெட்ரோல் செட் வரை போகலாம், சமதரையாக இருந்தால். இறக்கமாகவோ ஏற்றமாகவோ இருந்தால் சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு, யாரையாவது கூப்பிடுங்கள். கூப்பிடும்போது எந்த இடத்தில் மிதித்தபோது செத்தது, மழை இருந்ததா, லைட் எரிந்ததா என்று சொல்லத் தெரிந்தால், வருகிறவர் சரியான பெட்டியை எடுத்துக்கொண்டு வருவார்.